ஆப்பு

எண்பத்தி ஒன்றாம் தூணுக்கும் எண்பத்தி இரண்டுக்கும் நடுவே
குழாய் மூத்திரம் பெய்துகொண்டிருந்தது.
"பொடுசுதான், வுடு" என்றான் தேசிங்கு.
பொடிசில்லை, கட்டைவிரல் போகும்.
வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பு.
உள்ளேயிருந்து யாரோ
விரலைத் திருப்பித் தள்ளினார்கள்.

எங்கள் வேலை இதுதான்:
அனல்மின் நிலையத்திலிருந்து செப்பாக்கத்துக் குட்டை வரை
சாம்பலும் கடல்தண்ணீரும் கலந்தோடும் இரும்பின் மேல் நடப்பது,
ஒழுகுகிற இடத்தில் குந்துவது.
மரத்தில் சீவிய ஆப்பை அடித்து
சைக்கிள் ட்யூபைச் சுற்றிக் கட்டுக்கம்பியை முறுக்கினால்
நோட்டில் எழுதலாம், 'சரி செய்யப்பட்டது'.
தினக்கூலி ஐந்நூற்றி இருபது.
ட்யூப் ஸ்டோரில் கொடுப்பார்கள்.
மரத்துக்கு இண்டென்ட் போட்டிருக்கிறது,
போன மாசிக்கு முந்தின மாசியில்.

கீழே ஆறு.
கீழே என்றால் ரொம்பக் கீழே இல்லை இப்போது.
கல்யாணமான புதிதில் அமுலு
பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு இறால் தடவுவாள்;
கழுத்தளவுத் தண்ணீர், முகம் மட்டும் மிதக்கும்.
இன்றைக்கு அதே இடத்தில் தவழ்கிறாள்.
முதுகு காய்ந்திருக்கிறது.

இறாலுக்குக் கண் வேண்டாம், விரல் போதும் என்பாள்.
சேற்றில் ஒரு சிலிர்ப்பு வரும்,
அமுக்கினால் இறால்.
இப்போது சேறு இல்லை. முகத்துக்குப் போடுகிற பவுடர் மாதிரி
வழவழவென்று மணிக்கட்டு வரை போகிறது கை;
ஒன்றும் சிலிர்ப்பதில்லை.
சாயங்காலம் ஒரே பக்கெட்டில் கழுவுகிறோம்,
எனக்கு மேலேயிருந்து ஒட்டியது, அவளுக்குக் கீழேயிருந்து.

அவள் அண்ணன் படகை விற்றபோது
வாங்கினவர் துடுப்பை வேண்டாம் என்றுவிட்டார், அவரிடம் மோட்டார் இருந்தது.
ஷீட்டுக்கடியில் செருகியிருந்த அதை
ஒரு ராத்திரி நான் நிமிர்ந்து பார்த்தேன்.
நான் பார்ப்பதை அவள் பார்த்தாள்.
"அறுத்துக்கோ" என்றாள். "எனக்கு மேல இருக்கறத மொதல்ல அடை."

பட்டியலில் அந்த ஓட்டை பதினோராவது.
முதலில் அடைத்தேன்.
சூப்பர்வைசர் கிருபாகரன் அரைநாள் கூலியைப் பிடித்தார்.
மறுநாள் அமுலு நாலே நாலு இறாலோடு வந்தாள்,
நாலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தோம்.

அதற்கடுத்த நாள் மூன்று தூண் தள்ளிப் பிளந்தது.
அழுத்தத்துக்கு ஒரு வாய் வேண்டும்,
அது பொன்னுரங்கம் தடவுகிற இடத்துக்கு நேர் மேலே வாய்த்தது.
தண்ணி லாரியில் குடத்தை வைத்துக்கொண்டு அவள் சொன்னாளாம்:
"புருசன் கொழா மேல ஏறினான்,
பொண்டாட்டி எனக்கு ஆப்பு வெச்சா."
அமுலு அதை என்னிடம் சொல்லும்போது சிரித்தாள்.
பிறகு குழம்புச் சட்டியை ரொம்ப நேரம் தேய்த்தாள்.

நடுவில் ஒரு ஜீப் வந்தது.
கண்ணாடி போட்டவர் குனிந்து ஆற்றை ஒரு பாட்டிலில் அள்ளினார்,
தேதி எழுதி ஒட்டினார்.
ஜீப் கிளம்புவதற்குள் பாட்டில் தெளிந்துவிட்டது,
மேலே தண்ணீர், அடியில் இரண்டு விரற்கடை சாம்பல்.
குலுக்காமல் மடியில் வைத்துக்கொண்டு போனார்
பச்சைக்குழந்தை தூங்குவதைப் போல.

நேற்று அமுலுவே ரம்பத்தை எடுத்துக் கொடுத்தாள்.
"பொன்னுரங்கத்துது" என்றாள், அவ்வளவுதான்.
துடுப்பின் பலகை எப்போதோ தீர்ந்துவிட்டது;
மிச்சம் கைப்பிடி.
மச்சான் பிடித்துப் பிடித்து மழுங்கின இடம்
செதுக்கவே தேவையில்லாமல்
ஓட்டைக்குள் உட்கார்ந்தது.
இரண்டு அடி, ட்யூப், கம்பி, நோட்டு.

தேசிங்கு பீடி பற்றவைக்கப் போனான்.
நான் குழாயில் காதை வைத்தேன்.
உள்ளே ஆறு மாதிரியே ஓடுகிறது.

துடுப்பு இன்னும் ஒரு முழம் இருக்கிறது.